டெல்லியில் மாஸ் கம்யூனிகேஷன் படிக்க ஒன்பது லட்சம் கட்டத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவும். ஆர்.கே. புரத்தில் இருக்கிறீர்கள். மகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் டி.டி.இ.ஏ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, ஹ்யூமானிட்டீஸ் பிரிவு. அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மாஸ் கம்யூனிகேஷன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நொய்டா பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்துக்கு ஒன்பது லட்சம் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி முடிவதற்குள் முன்பணம் கட்டினால் இருபது சதவீதம் 'ஸ்காலர்ஷிப்' என்கிறார்களாம். வீட்டுக்காரருக்குக் கைக்கு வருவது மாதம் ஐம்பத்தைந்தாயிரம். குறைந்த செலவில் நல்ல கல்லூரி எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் 'கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா?' என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. என் பதில்: இப்போது கட்டாதீர்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் யார் என்று தெரியாமல் இதையெல்லாம் நம்பச் சொல்ல முடியாது. ஒரு தமிழ் நாளிதழின் டெல்லி பீரோவில், ரஃபி மார்க் ஐ.என்.எஸ். கட்டடத்தில், பல வருடம் நிருபராக இருந்தேன். பிறகு இங்குள்ள மீடியா துறைகளில் கெஸ்ட் லெக்சரராகச் செய்தி எழுதுதலும் எடிட்டிங்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பையன்களையும் பெண்களையும் இன்டர்வியூ செய்யும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பத்திரிகை, டிவி செய்தி, இணையச் செய்தி பற்றி நான் சொல்வதை ஓரளவு தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம், அனிமேஷன், சினிமா என்று மகளின் ஆசை போகுமானால், அந்த உலகத்தில் இருக்கும் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அது எனக்கு வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்த அளவுதான்.

டெல்லியில் இந்தப் படிப்பைப் பொறுத்தவரை ஒரு விசித்திரம் உண்டு. நல்ல சீட்டும் மலிவான சீட்டும் பெரும்பாலும் ஒரே சீட்தான். எஞ்சினியரிங்கிலோ மருத்துவத்திலோ அரசு இடம் கிடைக்காதவர்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மீடியா விஷயத்தில் மட்டும், கண்ணாடிக் கட்டடமும் ஸ்டுடியோ விளக்குகளும் பார்த்து, அதிக ஃபீஸ் என்றால் அதிகத் தரம் என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். நிலைமை தலைகீழ். செய்தி அறைகளில் நான் பார்த்த நல்ல பிள்ளைகளில் பலர் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தோ, ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்திலிருந்தோ, மத்திய அரசின் ஊடகக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யிலிருந்தோ வந்தவர்கள். அல்லது மீடியா பக்கமே போகாமல் சரித்திரமோ பொருளாதாரமோ படித்துவிட்டு வந்தவர்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்குவோம். பி.ஏ. ஹானர்ஸ் ஜர்னலிசம் அங்கே சில கல்லூரிகளில்தான் இருக்கிறது. லேடி ஸ்ரீராம், கமலா நேரு, காளிந்தி மூன்றும் பெண்கள் கல்லூரிகள். டெல்லி காலேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் காமர்ஸ், மகாராஜா அக்ரசேன் இரண்டும் இருபாலருக்கும். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் டெல்லி காலேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் நேதாஜி நகரில், கிட்டத்தட்ட அடுத்த தெரு மாதிரி. கமலா நேரு சிரி ஃபோர்ட் பக்கம், லேடி ஸ்ரீராம் லஜ்பத் நகரில். காளிந்தி கிழக்குப் படேல் நகரில் இருக்கிறது, கரோல் பாக் தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் வசதி. அக்ரசேன் யமுனைக்கு அந்தப் புறம், வசுந்தரா என்கிளேவில், உங்களுக்குத் தூரம். சிவில் லைன்ஸில் 1924இல் தொடங்கிய இந்திரபிரஸ்தா பெண்கள் கல்லூரியில் மல்ட்டிமீடியா அண்ட் மாஸ் கம்யூனிகேஷன் என்று தனி ஹானர்ஸ் இருக்கிறது. கேமரா, ஒலி, எடிட்டிங் என்று கைவேலை அதில் கூடுதல். ஆனால் அது சுயநிதிப் பாடம், அதே கல்லூரியின் மற்ற பாடங்களைவிட ஃபீஸ் அதிகம்.

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். ஜர்னலிசத்துக்கு லேப் கட்டணம் என்று தனியாகவும் சில இடங்களில் வாங்குவார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு வருடத்துக்குச் சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். மூன்று வருட மொத்தமும் சேர்த்தால்கூட நொய்டாவில் கேட்கும் ஒரு வருடத் தொகையைத் தொடாது. ஒவ்வொரு கல்லூரியும் அட்மிஷன் சமயத்தில் தன் இணையதளத்தில் ஃபீஸ் பட்டியலை பி.டி.எஃப். ஆகப் போடும், அதை மட்டும் நம்புங்கள். 'டாப் டென் மீடியா காலேஜ்' பக்கங்களில் இருக்கும் ஃபீஸ் விவரம் பல நேரம் பழையது. அப்புறம், குடும்ப வருமானத்தைப் பார்த்து ஃபீஸில் சலுகை தர கல்லூரிகளுக்கு நிதி உண்டு. சேர்ந்த பிறகு அதற்குத் தனியாக விண்ணப்பம் கேட்பார்கள். நம்மவர்கள் கூச்சப்பட்டு அதைக் கேட்காமலே விட்டுவிடுவது வழக்கம். கேளுங்கள்.

போக்குவரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி அரசின் டி.டி.சி. பஸ்ஸில் 2019 அக்டோபரில் பெண்களுக்கு டிக்கெட்டை இலவசமாக்கினார்கள். வீட்டிலிருந்து போய்வரும் பெண்ணுக்கு ஹாஸ்டலும் வேண்டாம் என்றால் செலவு பாதியாகிவிடும். தினமும் நொய்டா போய்வர ஆகும் மெட்ரோ, ஆட்டோ செலவை அந்த ஒன்பது லட்சத்தோடு சேர்த்துப் பார்த்தீர்களா?

இந்த இடங்களுக்கு வழி க்யூட், அதாவது பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் போடுவது நின்றுவிட்டது. தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்தும் க்யூட் மதிப்பெண்தான் இப்போது எல்லாம். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.ஏ.எஸ். என்ற சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியையும் பாடத்தையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே, க்யூட் எழுதிவிட்டோம், கடிதம் வரும் என்று காத்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. க்யூட் பதிவு எந்த மாதம் திறந்து எந்த மாதம் மூடும் என்பது வருடத்துக்கு வருடம் தள்ளிப்போகும், முன்னால் வரும். வாரம் ஒருமுறை என்.டி.ஏ. தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எந்தப் பாடங்களை எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஜர்னலிசம் ஹானர்ஸுக்குச் சமீப ஆண்டுகளில் ஆங்கிலமும் பொதுத் திறன் தேர்வும்தான் மையமாக இருந்திருக்கின்றன. இந்த ஆண்டுக்கான கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், இதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2025இலிருந்து அதிகபட்சம் ஐந்து பாடங்கள்தான் எழுதலாம். ஆங்கிலம், பொதுத் திறன், பள்ளியில் படிக்கும் மூன்று பாடங்கள் என்று எடுத்தால் ஜர்னலிசத்துக்கும் வழி இருக்கும், அரசியல் அறிவியல், சரித்திரம், சமூகவியல் ஹானர்ஸுக்கும் கதவு திறந்திருக்கும். பொதுத் திறன் தேர்வைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நடப்புச் செய்தி, எளிய கணக்கு, தர்க்கம் இதுதான். அதற்குப் பத்தாயிரக்கணக்கில் கோச்சிங் வேண்டியதில்லை. தினமும் ஒரு செய்தித்தாள், எட்டாவது ஒன்பதாவது கணக்குப் புத்தகம், பழைய வினாத்தாள்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் நேரம் வைத்துப் பழக வேண்டும்.

டி.டி.இ.ஏ. பிள்ளைகள் கவனிக்காமல் விடும் ஒரு வசதியும் இருக்கிறது. க்யூட் மொழிப் பட்டியலில் உள்ள பதின்மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. ஜர்னலிசத்துக்கு அது உதவாது. ஆனால் சரித்திரம், அரசியல் அறிவியல் போன்ற ஹானர்ஸ் பாடங்களுக்குப் பட்டியலிலுள்ள ஏதாவது ஒரு மொழியை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்துவருகிறது. பத்தாவது வரை தமிழ் நன்றாகப் படித்த பெண், ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் மதிப்பெண் எடுப்பாள் என்றால் அதைச் சிந்தித்துப் பாருங்கள். பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏன் சரித்திரம், அரசியல் அறிவியல் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன் என்றால், மகளுக்குப் பிடிக்காத ஒரு கருத்து என்னிடம் இருக்கிறது. இளநிலையில் மீடியா படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. செய்தி அறையில் இன்ட்ரோ, அதாவது செய்தியின் முதல் பத்தி, எழுதுவதையும் கேமரா பிடிப்பதையும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். பட்ஜெட் ஆவணத்தைப் படிக்கவும், நீதிமன்றத் தீர்ப்பில் முக்கிய வரியைக் கண்டுபிடிக்கவும் ஆறு மாதம் போதாது. கிராமப்புறச் செய்திகளால் பெயர் பெற்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், அதாவது ஜே.என்.யு.வில், சரித்திரம் படித்தவர். புலிட்சர் பரிசு பெற்ற புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி முதலில் பொருளாதாரம் படித்தார், பிறகுதான் ஜாமியாவில் மாஸ் கம்யூனிகேஷன். எல்லோரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. வேலை தரும் ஆசிரியர்கள் இளநிலைப் பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எழுதிக் காட்டு, எடுத்துக் காட்டு என்பார்கள், அவ்வளவுதான். விளம்பர நிறுவனங்களிலும் கார்ப்பரேட் மக்கள் தொடர்புத் துறையிலும் படித்த இடத்தின் பெயர் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசும் என்று அங்கிருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். அது அவர்கள் சொல்லக் கேட்டது, என் அனுபவம் இல்லை.

ஆகவே ஜர்னலிசம் சீட் கிடைத்தால் சந்தோஷமாகச் சேரட்டும். கிடைக்காவிட்டால் ஒரு நல்ல கல்லூரியில் வேறு பாடம் எடுத்துக்கொண்டு, முதுநிலையில் மீடியாவுக்கு வரட்டும். டெல்லியில் முதுநிலைக்குத்தான் இந்தியாவின் மிகச் சிறந்த இடங்கள் இருக்கின்றன. ஜாமியா மில்லியாவின் ஏ.ஜே.கே. மாஸ் கம்யூனிகேஷன் ரிசர்ச் சென்டர் 1982இல் தொடங்கியது. படம் எடுப்பது, ஆவணப்படம், ஒலி, புகைப்படம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நுழைவுத் தேர்வும் நேர்முகமும் கடினம். ஐ.ஐ.எம்.சி. 1965இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் தொடங்கியது, ஜே.என்.யு. பக்கத்தில், உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான். 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே பட்டப்படிப்புக்குப் பிந்தைய டிப்ளமோ பெயர் பெற்றது, சேர்க்கை முதுநிலைக்கான க்யூட் பி.ஜி. தேர்வு மூலம். ஆனால் அரசு நிறுவனம் என்பதால் மிக மலிவு என்று நினைக்காதீர்கள். 2019 டிசம்பரில் அங்கே மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினார்கள். அப்போதே ரேடியோ, டிவி ஜர்னலிசம் டிப்ளமோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இளநிலையில் மிச்சம் பிடித்த பணம் இந்தக் கட்டத்தில்தான் கைகொடுக்கும். ஐ.ஐ.எம்.சி. தன் மற்ற வளாகங்களில் மராத்திக்கு அமராவதி, மலையாளத்துக்குக் கோட்டயம், ஒடியாவுக்கு டெங்கானல் என்று மொழிவாரியாகவும் நடத்துகிறது. நமக்கு அப்படி ஒரு வளாகம் இல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகம், எல்லோரும் ஐ.பி. என்பார்கள், அடுத்த படி. அதன் கீழ் பல தனியார் கல்லூரிகளில் பி.ஏ. ஜர்னலிசம் அண்ட் மாஸ் கம்யூனிகேஷன் இருக்கிறது. டெல்லிப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு 85 சதவீத இடங்கள் என்பதால் உங்கள் மகளுக்குச் சாதகம். ஐ.பி. தனியாகவும் நுழைவுத் தேர்வு வைக்கிறது, அதற்கும் சேர்த்துப் பதிவு செய்துவைப்பது நல்லது. ஃபீஸ் வருடத்துக்கு லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் இருக்கும். டெல்லி மாநிலப் பல்கலைக்கழகங்களில் படிக்கும், மதிப்பெண்ணும் வருமான வரம்பும் பொருந்துகிற பிள்ளைகளுக்கு டெல்லி அரசின் கல்வி உதவித் திட்டத்தில் ட்யூஷன் ஃபீஸில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தரத்தில் ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நேரில் பார்க்காமல் சேராதீர்கள்.

தொலைநிலைக் கல்வி தரும் இக்னோ பல்கலைக்கழகத்தைச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். பட்டம் முடித்துவிட்டு ஏதாவது வேலையில் இருந்துகொண்டே ஜர்னலிசம் முதுநிலையோ டிப்ளமோவோ வாங்க அதைவிட மலிவான வழி கிடையாது. முழுப் படிப்பின் செலவும் உங்களிடம் கேட்கப்பட்ட ஒரு செமஸ்டர் தொகைக்குள் அடங்கும். கைப்பயிற்சி மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். கஸ்தூர்பா காந்தி மார்கில் பாரதிய வித்யா பவன் நடத்தும் மாலை நேர டிப்ளமோக்களும் இதே வகை.

இனி அந்த ஒன்பது லட்சம். இருபது சதவீதம் போக, லேப்டாப், போக்குவரத்து, இதர கட்டணங்கள் சேர்த்து எட்டு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் கிட்டத்தட்ட 10,800 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. இங்கே புதிதாகச் சேரும் நிருபருக்கோ காப்பி எடிட்டருக்கோ நான் பார்த்தவரை இருபதிலிருந்து முப்பதாயிரம்தான் கொடுக்கிறார்கள், தமிழ் நிறுவனங்களில் அதற்கும் கீழே. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தவணைக்கே போனால் அந்தப் பெண் எந்த வேலையையும் பிடித்துச் செய்ய மாட்டாள். இரண்டே வருடத்தில் பிடிக்காத ஒரு கார்ப்பரேட் வேலைக்குப் போய்விடுவாள். அப்படிப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தனியார் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. கருவிகள் சில இடங்களில் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் எதை வைத்து அளப்பது? மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் மீடியாவுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. பத்திரிகைகள் போடும் 'சிறந்த மீடியா கல்லூரிகள்' பட்டியல்களுக்கான தகவலில் பெரும்பங்கு கல்லூரிகளே நிரப்பிக் கொடுப்பது, அதே இதழில் அவற்றின் விளம்பரமும் இருக்கும். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்பதில் கால் சென்டர் வேலையும், இணையப் பதிவுகளைச் சலித்து நீக்கும் கன்டென்ட் மாடரேஷன் வேலையும் அடக்கம்.

ஆகவே மகளை அழைத்துக்கொண்டு ஒரு வேலை நாளில், சனிக்கிழமை ஓபன் டே அன்று இல்லை, அந்த வளாகத்துக்குப் போங்கள். மாணவர்களே தயாரிக்கும் பயிற்சி இதழை, லேப் ஜர்னல் என்பார்கள், கேளுங்கள். கடந்த மூன்று இதழ்கள் கைக்கு வருகின்றனவா, அவற்றில் மாணவர்கள் வெளியே போய்ச் சேகரித்த செய்தி இருக்கிறதா, இல்லை கல்லூரி விழாப் படங்களும் சேர்மன் புகைப்படமும்தானா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி கல்லூரிகள் விழுந்துவிடும். அடுத்து ஸ்டுடியோ. அழகான ஸ்டுடியோ முக்கியமில்லை. அதன் புக்கிங் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டு மாணவர் ஒரு கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போக முடியுமா, அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று அங்கே திரியும் மாணவர்களிடமே கேளுங்கள், ஆபீஸில் கேட்காதீர்கள். ஆசிரியர் பட்டியலில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் என்னைப் போல வந்து போகிற கெஸ்ட் என்று பாருங்கள். கெஸ்ட் வருவது நல்லது, ஆனால் எல்லோருமே கெஸ்ட் என்றால் மாணவரின் எழுத்தை உட்கார்ந்து திருத்த ஆள் இருக்காது. இந்தத் தொழிலைக் கற்பதே திருத்தப்படுவதன் மூலம்தான். இரண்டு வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். கல்லூரி சுவரில் ஒட்டியிருக்கும் பத்து முகங்களை விட்டுவிட்டு, சுவரில் இல்லாத முகங்களைத் தேடுங்கள்.

அரசுக் கல்லூரிகளையும் இதே கேள்விகளால் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். சில இடங்களில் கணினிகள் பழையவை, கேமரா இரண்டு மூன்றுதான் இருக்கும், தேர்வுத் தாள் தியரியாகவே போகும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் குறையை ஐம்பதாயிரம் ரூபாயில் சரிக்கட்டிவிடலாம். ஒரு சுமாரான லேப்டாப், கையில் இருக்கும் போன், சட்டையில் குத்தும் ஒரு மைக், ஒரு டிரைபாட். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஒலிக்கு ஆடாசிட்டி. முதல் வருடத்திலேயே பெரிய கேமரா வாங்கிக் கொடுக்காதீர்கள். முக்கால்வாசி வீடுகளில் அது பீரோவில் தூங்குகிறது.

அதோடு டெல்லியே ஒரு பயிற்சிக்கூடம். பார்லிமென்ட் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் இருக்கிறது, ஜந்தர் மந்தரில் வாரம் தவறாமல் ஏதோ ஒரு போராட்டம். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளோடு அங்கே உட்கார்ந்தபோது, அவர்கள் சொல்வது புரியாமல் இந்தி, ஆங்கிலச் சேனல்காரர்கள் தவித்ததை நேரில் பார்த்தேன். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு. டெல்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளிடம் அந்த மூன்றும் இருக்கின்றன, ஆனால் தமிழை வீட்டில் பேசுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுத வைக்க வேண்டும். வானொலியில் சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, டெல்லியிலிருந்து தமிழில் செய்தி சொல்வது ஒரு தொழில் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது அது தமிழ்ச் சேனல்களின் டெல்லி பீரோ, இணையதளம், மொழிபெயர்ப்பு, உண்மை சரிபார்ப்பு என்று கிளை விட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஒரு கூட்டத்தைக் கேட்டுவிட்டு முந்நூறு சொற்களில் அன்றிரவே எழுத முடிகிறதா என்று மகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு முறை எரிச்சல் வரும். அதற்குப் பிறகும் எழுதினால் இந்தப் படிப்புக்கு அவள் சரி.

முன்பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இப்படி ஜனவரியில் கேட்பதற்குக் காரணம் எளிது: க்யூட் முடிவு வருவதற்குள் உங்களைக் கட்டிப்போட வேண்டும். அந்தத் தள்ளுபடி ஏப்ரலிலும் ஜூனிலும் வேறு பெயரில் வரும். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றாலும் பயப்படத் தேவையில்லை. விலகினால் எந்தத் தேதி வரை முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அறிவிக்கும். 2024-25இல் அது செப்டம்பர் 30 ஆக இருந்தது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை. இடத்தின் பெயரை யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாக டெல்லிதான் முன்வரிசை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் கடைசி நேரத்தில் அல்லாடுவது இதில்தான். ஓ.பி.சி. பிரிவில் வருகிறீர்கள் என்றால், தமிழ்நாட்டில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்று டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போதாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், சான்று மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு, அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அதாவது மார்ச் 31க்குப் பிறகு. ஏப்ரல் முதல் வாரமே ஊர்த் தாசில்தார் அலுவலகத்துக்கு இ-சேவை வழியாக விண்ணப்பித்துவிடுங்கள், மே மாதம் போனால் கூட்டம். ஐ.பி.யின் டெல்லி ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. சலுகை கேட்டால் டெல்லி அரசு கொடுத்த சான்றைக் கேட்பார்கள், அது தனி வேலை, அதற்கு டெல்லியில் உங்கள் பகுதி எஸ்.டி.எம். (கோட்டாட்சியர்) அலுவலகம் போக வேண்டும். அப்புறம் மகளின் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். க்யூட் விண்ணப்பத்திலும் சி.எஸ்.ஏ.எஸ்.ஸிலும் அதே எழுத்துகள், அதே இடைவெளி.